மச்சக்காரியின் முதல் நகல்

என் அக்காவின் வலது கன்னத்தில் மச்சம் கிடையாது. இதை இதுவரை பதினான்கு படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டாவது படிவத்தில் மட்டும் ‘வலது என்றால் யாருக்கு வலது? பார்ப்பவருக்கா, பார்க்கப்படுபவருக்கா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும், பரவாயில்லை, உள்ளே யாரோ ஒருவர் யோசிக்கிறார் என்று நம்பினேன். ஒன்பதாவது படிவத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். முப்பத்தொரு வருடமாக அதே கடை, அதே ஸ்டூல். லென்ஸைச் சக்கரத்தில் வைத்து ஓரம் தேய்த்து, பிரேமுக்குள் உட்காரவைத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பது என் வேலை. நாளில் பாதி தூசி துடைப்பதிலேயே போய்விடும். அதனால் எனக்குத் தூசியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கலைக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இரண்டைப் பற்றியும் தெரியாது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா கார்மென்ட்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் சட்டைக் காலர் தைத்து ஓய்வு பெற்றவள். அவளுக்குப் பதினேழு வயதில் எங்கள் வீட்டு மாடியறையில் ஓர் ஓவியர் குடியிருந்தார். மேல்வீட்டுக்காரர் என்போம். அவர் அக்காவைப் பதினோரு நாள் ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு பலகைத் துண்டில் வரைந்தார். பலகை டிபன் பாக்ஸ் மூடி அளவுதான் இருக்கும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கியபடி காவல் காத்தாள். “முடிஞ்சதும் காட்டுறேம்மா” என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் நாள் அவருடைய அண்ணன் வந்து, வாடகைக்கு உட்கார்ந்து பொம்மை போடுகிறாயா என்று திட்டி, ஆளையும் சாமானையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஓவியர் செத்த பிறகு சாமானெல்லாம் கலைக்கூடத்துக்குப் போய் இருட்டறையில் கிடந்ததாம். அக்கா அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து போனை நீட்டினார். “இந்தப் படத்துல ஒவ்வொரு கோடும் தெளிவாத் தெரியணும், அந்த மாதிரி பவர் போடுங்க” என்றார். போனில் என் அக்கா இருந்தாள். படத்தின் பெயர் ‘மச்சக்காரி’. கலைக்கூடத்து இணையதளத்தில் ஏற்றிய மாதத்திலிருந்தே அதற்கு ஏகப்பட்ட கூட்டமாம். படத்துக்குக் கீழே கலைக்கூட இயக்குநர் அந்த மச்சத்தைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அது மௌனத்தின் முற்றுப்புள்ளியாம்.

அன்றைக்கே அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பக்கம் திறந்ததும் நேராக மச்சத்தில்தான் போய் நிற்கும். திரை முழுக்க மச்சம். விரலால் தள்ளித் தள்ளி மூக்கு, வாய், காது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“மூக்கு என்னோடதுதான்டா. காதும் என்னோடதுதான். இந்த மச்சம் யாரோடது?”

“உனக்கு இருந்து மறைஞ்சிருக்குமோ?”

“மறையறதுக்கு அது என்ன கடன் வாங்கினவனா?” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “அதை நேர்ல பார்க்கணும்டா. சீக்கிரம்” என்றாள்.

சீக்கிரம் என்றதற்குக் காரணம் உண்டு. அக்காவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அந்த வட்டமும் ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறேன், என் அக்காவுக்குத் தேய்த்துக் கொடுக்க ஒரு லென்ஸ் உலகத்தில் இல்லை.

கலைக்கூடம் பெரிய கட்டடம். சுவர்களில் வரிசையாக ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே, படம் தொங்கிய இடத்தில் மட்டும் பெயின்ட் நிறம் மங்காமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கூடத்தின் நடுவில் திரைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்டூல். மக்கள் டிக்கெட் எடுத்து உள்ளே வந்து, வீட்டில் பார்க்கிற அதே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நெட் மெதுவாக இருந்ததால் பாதிப் பேர் திரைக்கு எதிரே உட்கார்ந்து அவரவர் போனில் பார்த்தார்கள்.

விசாரணைக் கவுண்டரில் ஓர் எழுத்தர் இருந்தார். மரியாதையான மனிதர். அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு மாதத்து அழுக்கு படிந்திருந்தது. அதைக் கழற்றித் துடைத்துவிட வேண்டும் என்று என் கை பரபரத்தது.

“இதை வீட்டிலிருந்தே பார்க்கலாமே சார்?” என்று கேட்டேன்.

“வீட்ல பார்த்தா நேர்ல வந்து பார்த்த அனுபவம் கிடைக்காதுங்க.”

“நேர்ல படமே இல்லையே?”

“படங்க ஓய்வுல இருக்குங்க. பார்வை பட்டுப் பட்டுக் களைச்சுப்போயிருக்கு.”

“எனக்கு மச்சக்காரியோட அசலைப் பார்க்கணும்.”

எழுத்தர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த வார்த்தை இங்க வேண்டாங்க. நாங்க முதல் நகல்னு சொல்றோம்.”

“எதோட நகல்?”

“திரையில இருக்கே, அதோட நகல். திரையில இருக்கிறது மெய்ப்படம். பலகையில இருக்கிறது அதோட நகல். கால வரிசையில கொஞ்சம் முன்னாடியே வந்துட்டதால முதல் நகல்.”

“முன்னாடி வந்தது எப்படி சார் நகலாகும்?”

“அது மேலிடத்து முடிவுங்க” என்றார். மழை பெய்கிறதே என்று கேட்டால் ஆமாம் என்பதுபோல் சொன்னார்.

முதல் நகலைப் பார்க்க மூன்று வகையினருக்குத்தான் அனுமதி: இன்சூரன்ஸ்காரர்கள், பூச்சிமருந்து அடிப்பவர்கள், ‘சித்திரிக்கப்பட்டவர்’. மூன்றாவது வகையில் இதுவரை யாரும் வந்ததில்லை என்றார் எழுத்தர். “படத்துல இருக்கிறதெல்லாம் பெரும்பாலும் தளபதிங்க, குதிரைங்க, பழங்கதானே. வரமாட்டாங்க.” சித்திரிக்கப்பட்டவர் உயிரோடு வீட்டில் இருக்கிறார் என்றேன். அவர் முகம் மலர்ந்து, நான்கு படிவங்களை எடுத்துக் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்துவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தோம்.

ஐந்து வாரம் கழித்துப் பொருத்தம் பார்க்கும் நாள் வந்தது. அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் மெய்ப்படத்தை நாற்பது மடங்கு பெரிதாக்கி ஓடவிட்டார்கள். எழுத்தர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்தார். மூக்கு பொருந்தியது. நெற்றி பொருந்தியது. காது மடல் நன்றாகவே பொருந்தியது.

“மச்சம்?” என்றார்.

“எனக்கு மச்சம் கிடையாது தம்பி.”

“எடுத்துட்டீங்களாம்மா?”

“இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு.”

“மெய்ப்படத்துல இருக்கே.”

“படத்துல இருக்கிறது தப்பு. நான் இங்க முழுசா உட்கார்ந்திருக்கேனே, என்னைப் பார்த்துச் சொல்லு.”

எழுத்தர் பார்த்தார். திரையை ஒரு தரம், அக்காவை ஒரு தரம், திரையை மறுபடி ஒரு தரம். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். “நாப்பத்துநாலு வருஷத்துல முகம் மாறலாம்மா. மச்சம் மாறாது. அதனாலதான் அங்க அடையாளம்னு எல்லா இடத்துலயும் அதைக் கேக்கிறாங்க.” பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். ‘பொருந்தவில்லை.’ கீழே காரணமும் எழுதியிருந்தார்: சித்திரிக்கப்பட்டவர் சித்திரத்தை ஒத்திருக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வந்த பஸ்ஸின் எண்ணை அக்கா துண்டு துண்டாகப் படித்தாள். முதலில் நான்கு, பிறகு தலையைத் திருப்பி ஏழு.

“அவ்வளவு முக்கியமாக்கா அந்தப் படம்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பதினோரு நாள் ஒருத்தர் என்னை உட்காரவெச்சு முழுசாப் பார்த்திருக்கார்டா. அதுக்கு முன்னாடியும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னாடியும் பார்த்ததில்லை. கம்பெனியில காலரைப் பார்ப்பாங்க. வீட்ல சோறு ஆச்சான்னு பார்ப்பீங்க. அவர் என்ன பார்த்தார்னு நான் ஒரு தடவை பார்க்கணும். அப்புறம் கண்ணு போனாப் போகட்டும்.”

வீட்டில் சோறு ஆயிற்றா என்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த மச்சத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரைந்த புள்ளிக்கும் கண்ணாடியில் கிடக்கும் தூசிக்கும் வித்தியாசம் உண்டு. வரைந்த புள்ளி சுற்றியிருக்கும் சாயத்தோடு கொஞ்சமாவது சேர்ந்துகொள்ளும். தூசி சேராது. எல்லாம் மங்கலாக இருக்கும்போது அது மட்டும் துல்லியமாகத் துருத்திக்கொண்டு, ஒரு பக்கம் மெல்லிய நிழலோடு நிற்கும். மச்சத்துக்கு நிழல் இருந்தது. அதே வாரம் ஏற்றிய மற்ற எட்டுப் படங்களையும் திறந்து, கீழே போட்டிருந்த அளவை வைத்துக் கணக்குப் பார்த்தேன். என் தொழிலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி போட்டவர் மாடிப்படியில் உருண்டுவிடுவார். ஒன்பது படத்திலும் அது மேல் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை, இடது விளிம்பிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி இருந்தது. ஏரிக்கரைப் படத்தில் அது வானத்தில் இருந்தது. அதற்கு ‘தனிமைப் பறவை’ என்று விளக்கம் போட்டிருந்தார்கள். பழத்தட்டில் அது ‘காலம் என்னும் எறும்பு’. தளபதியின் மார்பில் பதினோராவது பதக்கம். குதிரையின் மூக்கில் என்ன சொல்வதென்று தெரியாமல் ‘கேள்வி’ என்று விட்டிருந்தார்கள்.

இந்தப் படங்களை ஸ்கேன் செய்தவரைத் தேடினேன். தேடியதில் அவர் எங்கள் கடை வாடிக்கையாளர் என்று தெரிந்தது. அவருக்கு இரண்டு ஜோடி லென்ஸ் தேய்த்திருக்கிறேன். அப்போது கலைக்கூடத்தில் தினக்கூலி. இப்போது ‘மெய்யாக்கப் பிரிவு, தலைமைப் பொறுப்பாளர்’ என்று பலகை போட்ட ஏ.சி. அறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“நீங்க தொழில்காரர். உங்ககிட்ட மறைக்க முடியாது. அது டீத்தூள் சார்.”

“டீத்தூளா?”

“வடிகட்டியில ஓட்டை. ஒரு துளி ஸ்கேனர் கண்ணாடியில தெறிச்சுக் காஞ்சுடுச்சு. சின்னப் படத்தையெல்லாம் அது மேலதான் கவிழ்த்து வெச்சு எடுத்தோம்.”

“துடைச்சிருக்கலாமே?”

“துணி வேணும்னு எழுதிக் கொடுத்தேன். ஒப்புதல் வர்றதுக்குள்ள ஒன்பது படம் முடிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு சார், கீறல், பிசிறு, நூல் மாதிரி கிடந்த கோடு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல நல்லா அழிச்சுச் சுத்தம் பண்ணினேன். அதுல யாரும் குறை சொல்ல முடியாது.”

“உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லப் போனேன் சார். அதுக்குள்ள இயக்குநர் அந்தப் புள்ளியைப் பத்திப் புத்தகமே எழுதிட்டார். அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவன்னு என்னை நிரந்தரமாக்கினாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு. எல்லாத்துக்கும் ஒரு மச்சம் வேணும்னு சொல்லுவாங்க இல்ல? எனக்கு அது டீத்தூளா வந்துச்சு.” அவர் கண் கலங்கியது. “என்னை விட்டுடுங்க சார்.”

அவரை விட்டுவிட்டு இயக்குநரிடம் போனேன். போக ஏழு வாரம் ஆயிற்று.

இயக்குநரின் அறைச் சுவரில் படம் எதுவும் இல்லை. மேஜைமேல் ஒரு திரை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு திரை. கறுப்பு பிரேம் போட்ட தடித்த கண்ணாடி அணிந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணாடியில் பவர் கிடையாது, வெறும் சில்லு.

“வாங்க, உட்காருங்க. கண்ணாடிக் கடையா? ரொம்பச் சந்தோஷம். சாமானிய மக்கள்கூடக் கலையைப் பத்திப் புகார் கொடுக்கிற நிலைமைக்கு நாட்டைக் கொண்டுவந்திருக்கோம்.”

ஸ்கேன்காரரின் பெயரைச் சொல்லாமல், அளந்து வைத்திருந்த தாளை மட்டும் எடுத்து நீட்டினேன். இயக்குநர் படிக்கப் படிக்க அவர் முகம் பிரகாசித்தது.

“ஒன்பது படம். ஆறு ஓவியர்கள். இருநூறு வருஷம். ஒரே இடத்துல ஒரே புள்ளி. இதுக்கு நாங்க புள்ளி மரபுன்னு பேர் வெச்சிருக்கோம். நீங்க அதை மில்லிமீட்டர் சுத்தமா நிரூபிச்சுட்டீங்க.”

“சார், அவங்கள்ல பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூடக் கிடையாது.”

“அதனாலதான் மரபுன்னு சொல்றோம். பார்த்திருந்தா அது காப்பி.” என் தாளை அவர் கோப்பில் வைத்துக்கொண்டார்.

“அது தூசி சார். அந்தப் பலகையை எடுத்து ஒரு தடவை பாருங்க. மச்சம் இருக்காது.”

“நீங்க பலகையைப் பார்த்திருக்கீங்களா?”

“விடமாட்டேங்கிறீங்களே.”

“பார்க்காத ஒண்ணைப் பத்திக் கருத்துச் சொல்றது நியாயமா?”

“நீங்க பார்த்திருக்கீங்களா சார்?”

“நான் ஆய்வாளர். எனக்குத் தேவையில்லை” என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடுத்து வந்தது எனக்காகச் சொன்னது இல்லை, எங்கேயோ பேசிப் பேசிப் பழகியது. “மச்சக்காரியைப் பத்தி இருநூத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். பலகையை ஒரு நாளும் பார்த்துக் கருத்தைக் கெடுத்துக்கிட்டதில்லை. பலகைங்கிறது என்ன? ஒரு நேரத்துல, ஒரு வெளிச்சத்துல, எதிர்ல வந்து நிக்கிற நாலு பேருக்குத்தான் தெரியும். எவ்வளவு திமிர் பிடிச்ச பொருள். திரை அப்படியில்லை. படுத்துக்கிட்டுப் பார்க்கலாம். பஸ்ல பார்க்கலாம். வேற எதையாவது பார்த்துக்கிட்டே இதையும் பார்க்கலாம். ஒரு ஆள் ஒரு படத்துக்கு முன்னாடி சராசரியா ஒன்பது நொடி நிக்கிறான்னு முன்னாடி வெட்கப்பட்டோம். இப்ப அதை ரெண்டு நொடியா வேகப்படுத்தியிருக்கோம். இனிமே இந்த நாட்டுல யாரும் எதையும் உத்துப் பார்க்க வேண்டியதில்லை.”

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. இருந்தாலும் காரியம் ஆக வேண்டுமே. அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

“அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. நாலு ஆள் உயரத் திரையில காட்டிடலாம்.”

“பெரிசாக்கினா அவளுக்கு ஒண்ணுமே முழுசாத் தெரியாது சார். பார்வை சுருங்கிப்போச்சு. சின்னதா இருந்தாத்தான் அந்த வட்டத்துக்குள்ள அடங்கும். பலகை சின்னது. அதனாலதான் கேக்கிறேன்.”

இயக்குநர் முதல் தடவையாகக் குழம்பினார். “சின்னதாக்குற வசதி எங்ககிட்ட இல்லையே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.” பிறகு ஒரு படிவம் கொடுத்தார். மெய்ப்படமும் முதல் நகலும் ஒத்துப்போகவில்லை என்று புகார் எழுதினால், குழு போட்டுப் பலகையைச் சோதிப்பார்களாம். பதினான்காவது படிவம். அதில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

‘தங்கள் புகார் ஏற்கப்பட்டது. குழு பரிசோதித்ததில், முதல் நகலில் மச்சம் விடுபட்டிருப்பது உறுதியாகியுள்ளது. இது ஓவியரின் கவனக்குறைவே ஆகும். மெய்ப்படத்தோடு ஒத்துப்போகும் வகையில் முதல் நகலில் மச்சம் இடப்படும். அடுத்த நிதியாண்டில், இரண்டாம் கட்டமாக, முதல் நகலில் காணப்படும் தேவையற்ற கோடுகள் நீக்கப்படும். பிழையைச் சுட்டிக்காட்டிய தாங்கள் துணைக்கு ஒருவரோடு ஒத்திசைவு விழாவில் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.’

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. என்னால் தலை நிமிர முடியவில்லை.

“துடைக்கச் சொன்னா பூசப் போறாங்களா” என்றாள் அக்கா. பிறகு, “துணைக்கு ஒருத்தர்னு போட்டிருக்கா? அதுக்கு மச்சம் தேவையில்லையே?” என்று கேட்டாள்.

டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் அப்போது மூன்று வாரம் மிச்சம் இருந்தது.

விழாக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை. மேடையின் ஒரு மூலையில், மைக் ஸ்டாண்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், ஒரு சின்னத் தாங்கியில் அந்தப் பலகை இருந்தது. அதன் முகத்துக்கு நேரே ஒரு கேமரா. எங்களுக்கு முன்வரிசை. எங்களிடமிருந்து பலகை பத்தடி தூரம்தான், ஆனால் கேமராவின் முதுகுதான் தெரிந்தது. கூடத்தில் இருந்த முந்நூறு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அக்காவின் வெறும் கன்னம் வயல்வெளி அளவுக்கு விரிந்து கிடந்தது.

“என்னடா தெரியுது அதுல? எனக்கு ஏதோ பழுப்பா மட்டும் தெரியுது” என்றாள் அக்கா.

“உன் கன்னந்தான்.”

இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். ஒரு தேசத்தின் கலை வரலாற்றில் பிழை திருத்தப்படுவதை நாம் நேரடியாக, அதாவது திரையில், பார்க்கிறோம் என்றார். பிறகு மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்தார். பலகைக்குப் பக்கத்தில் நின்று, பலகையைப் பார்க்காமல், திரும்பித் திரையைப் பார்த்தபடியே கையை நீட்டினார். ஓர் உதவியாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனார். திரையில் ஒரு கரிய கோளம் வந்து உட்கார்ந்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. தன் இருநூற்று நாற்பது பக்கத்தின் கதாநாயகியை இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் கடைசிவரை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். ‘ஒரு புள்ளியின் பயணம்’ என்று குறும்படம் ஓட ஆரம்பித்தது. இயக்குநரும் இறங்கி வந்து உட்கார்ந்து பார்த்தார்.

அக்கா எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மேடையேறினாள். தடுப்பதற்கு ஆள் இருந்தது, ஆனால் அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை நான் ஒரு முழம் தள்ளி வைத்தேன். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் பேச்சாளருக்குப் போட்டிருந்த சின்ன விளக்கைத் திருப்பிப் பலகைமேல் அடித்தேன்.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள், பின்னால் போனாள், மறுபடி அரையடி முன்னால் வந்து நின்றாள்.

“முழுசாத் தெரியுதுடா” என்றாள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். இணையத்தில் பழுப்பாக இருந்த சட்டை உண்மையில் பச்சை. கண்ணில் மேல்வீட்டுக்காரர் சாயத்தை ஒரு துளி தடிமனாக வைத்திருந்தார். நாம் தலையை அசைத்தால் அதில் பட்ட வெளிச்சமும் நகர்ந்தது. அவள் நம்மைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் காய் நறுக்கும் அம்மாவைப் பார்க்கிறாள். சிரிப்பு வருகிறது, சிரித்தால் அம்மா திட்டுவாள் என்று வாயை இறுக்கி வைத்திருக்கிறாள். நாற்பது மடங்கு பெரிதாக்கிய வாயில் இது எதுவும் இல்லை. சிரிப்பு வாயில் மட்டுமா இருக்கிறது, கண்ணும் தோளும் சேர்ந்தல்லவா இருக்கிறது.

“காலரைப் பாருடா” என்றாள் அக்கா.

காலர் ஓரத்தில் தையல் பிரிந்து ஒரு நூல் தொங்கியது. மயிரிழை கனத்தில் அதையும் வரைந்திருந்தார். இணையத்தில் அந்த நூல் கிடையாது. நூல் மாதிரி கிடந்த கோடுகளை எல்லாம் நன்றாக அழித்தேன் என்று ஒருவர் என்னிடம் பெருமைப்பட்டது ஞாபகம் வந்தது. அடுத்த நிதியாண்டில் நீக்கப்போகும் தேவையற்ற கோடு எது என்பதும் புரிந்தது.

“அன்னிக்கு அதை மறைக்கத்தான் கழுத்தைச் சாய்ச்சு உட்கார்ந்தேன். அதையும் பார்த்திருக்கார்” என்றாள். முப்பது வருடம் காலர் தைத்தவள் அந்தப் பிரிந்த தையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வந்தால் வட்டம் மங்கிவிடுமே என்று அழாமல் நின்றாள். நான் அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

குறும்படம் முடியும் இசை வந்தது. கூடத்தின் பின்னால் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஸ்கேன்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் குனிந்து ஒரு பொத்தானை அமுக்கினார். திரை ஒரு கணம் இருண்டு, ‘ஒரு புள்ளியின் பயணம்’ என்று மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. முந்நூறு பேரும் அதே படத்தை இரண்டாம் தடவை அதே கவனத்தோடு பார்த்தார்கள். முதல் தடவை ஆச்சரியப்பட்ட இடத்தில் மறுபடி ஆச்சரியப்பட்டார்கள்.

“இது இருக்கே” என்று அக்கா மச்சத்தைக் காட்டினாள். ஈரம் இன்னும் காயவில்லை.

சட்டைப் பையில் லென்ஸ் துணி எப்போதும் இருக்கும். எடுத்து அவளிடம் கொடுத்தேன். “நீயே துடை, உன் வேலைதானே” என்றாள். மூச்சுப் படாமல், தேய்க்காமல், ஒரே இழுப்பில் ஒரு பக்கமாக எடுத்தேன். பழைய வார்னிஷ் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. துளி தடம் இல்லை. என் முப்பத்தொரு வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக எதையும் துடைத்ததில்லை.

அக்கா துணியை வாங்கி, அதிலிருந்த கறுப்பைத் தன் வலது கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

“என்னக்கா பண்றே?”

“அவங்க பொருள் நமக்கு எதுக்கு? வாசல்ல கொண்டுபோய்க் காட்டிட்டுப் போயிடலாம். சரியா இருக்கா?”

“கொஞ்சம் மேல.”

கேமராவையும் விளக்கையும் பழையபடி வைத்துவிட்டு இறங்கினோம். அந்தப் பலகை மச்சமில்லாமலேயே இருட்டறைக்குத் திரும்பிப் போயிற்று. இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் யாராவது அதைப் பார்த்திருக்க வேண்டும்.

வெளியே கவுண்டரில் எழுத்தர் இருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அழுக்குக் கண்ணாடி வழியாக அவள் கன்னத்தைப் பார்த்தார். உடனே மெய்ப்படத்தைத் திறந்து நாற்பது மடங்கு பெரிதாக்கிச் சரிபார்த்தார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

“பொருந்துதே! அன்னிக்கே இப்படி வந்திருக்கலாமேம்மா” என்று முத்திரையை எடுத்துக் குத்தினார். ‘பொருந்துகிறது.’ சீட்டில் முதல் நகலைப் பார்ப்பதற்கான தேதி போட்டிருந்தது. அதற்குப் பதினோரு மாதம் இருந்தது.

“அதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிடும் தம்பி” என்றாள் அக்கா.

“கவலையேபடாதீங்க. நல்லாப் பெரிசு பண்ணிக் காட்டுவோம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிடக் கூடாதே என்று வாயை இறுக்கி வைத்துக்கொண்டாள். கண்ணும் தோளும் சேர்ந்துகொண்டன. பலகையில் இருந்தவள் அப்படியே என் பக்கத்தில் நின்றாள். எழுத்தர் அதைக் கவனிக்கவில்லை. அவர் திரையில் மச்சத்தை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.